'தான்' என்று அழுத்திச் சொல்ல ஆங்கிலத்தில் என்ன வழி?

ஆபீஸில் ஒரு கேள்வி வருகிறது: இந்த ரிப்போர்ட்டை யார் அனுப்பியது? "ரவிதான் அனுப்பினார்" என்று மனசுக்குள் பதில் தயார். வாயைத் திறந்தால் "ரவி ஒன்லி சென்ட் இட்" என்று வருகிறது. கேட்பவர் சென்னைக்காரரோ பெங்களூர்க்காரரோ என்றால் பிரச்சினை இல்லை. இந்த 'ஒன்லி' இந்தியா முழுக்கப் புழங்குகிறது. கேட்பவர் மான்செஸ்டரிலோ சிகாகோவிலோ இருந்தால் அவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்: "ரவி அனுப்ப மட்டும்தான் செய்தார், எழுதியது வேறு யாரோ." ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதை எழுதியதே ரவி என்றால், பாவம் ரவி.

நாம் சொல்ல நினைத்ததை ஆங்கிலம் இப்படிச் சொல்லும்: "இட் வாஸ் ரவி ஹூ சென்ட் இட்." இந்த அமைப்புக்கு இலக்கணத்தில் 'க்ளெஃப்ட் சென்டென்ஸ்' என்று பெயர். ஒரே வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து, முக்கியமான ஆளை முன்பாதியில் தனியாக நிறுத்துவதால் அந்தப் பெயர். டென்மார்க் மொழியியலாளர் ஒட்டோ யெஸ்பர்சன் 1937-இல் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார், அதுவே நிலைத்துவிட்டது. நாம் இங்கே பிளவு வாக்கியம் என்று சொல்லிக்கொள்வோம். ஆங்கில உதாரணங்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுப் படியுங்கள். இந்த அமைப்பு காதில் பதிந்தால்தான் நாக்கில் வரும்.

முதலில் தமிழில் என்ன செய்கிறோம்?

"ராமானுஜன் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்." (ராமானுஜன் நம் கணித மேதை, ஹார்டி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதர்.) இதில் எந்தச் சொல்லுக்கும் தனி அழுத்தம் இல்லை. ஆளை அழுத்த வேண்டுமென்றால் தமிழில் இரண்டு வழி வைத்திருக்கிறோம். ஒன்று, இருந்த இடத்திலேயே ஒட்டு போடுவது: "ராமானுஜன்தான் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்." மற்றொன்று, வாக்கியத்தையே திருப்பிப் போடுவது: "ஹார்டிக்குக் கடிதம் எழுதியது ராமானுஜன்தான்."

இரண்டாவது வழியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'எழுதினார்' என்ற வினை 'எழுதியது' என்று மாறி, பெயர்ச்சொல் போல நிற்கிறது. ஆள் கடைசிக்குப் போய்விட்டார். எழுதியவர் மனிதர்தான், ஆனாலும் சொல் அஃறிணை ஒருமையில் 'எழுதியது' என்று வருகிறது. பத்துப் பேர் வந்திருந்தாலும் "வந்தது அவங்கதான்" என்கிறோம். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆங்கிலப் பிளவு வாக்கியமும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கேயும் மனிதருக்கு 'இட்', பத்துப் பேருக்கும் 'இட் வாஸ்'. வரிசை மட்டும் தலைகீழ்: தமிழில் கடைசியில் வரும் ஆள் அங்கே முன்னால் வருகிறார். ஆகவே இது அந்நியமான இலக்கணம் என்று பயப்பட வேண்டாம். 'எழுதியது ராமானுஜன்' என்று சொல்லத் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாக்கியத்தைப் பிளப்பது எப்படி?

சாதாரண வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்:

"ராமானுஜன் ரோட் டு ஹார்டி இன் 1913."

யாரை அழுத்த வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ராமானுஜனை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரை வாக்கியத்திலிருந்து உருவி எடுங்கள். அதற்கு முன்னால் 'இட் வாஸ்' போடுங்கள், பின்னால் 'ஹூ' போடுங்கள். மிச்சம் இருப்பதை அப்படியே ஒட்டுங்கள்:

"இட் வாஸ் ராமானுஜன் ஹூ ரோட் டு ஹார்டி இன் 1913."

அவ்வளவுதான். 'ரோட்' மாறவில்லை, 'டு ஹார்டி' மாறவில்லை. மிச்ச வாக்கியத்தில் கை வைக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியமான ஒழுக்கம்.

இதே வாக்கியத்தில் வேறு துண்டையும் உருவலாம். கடிதம் யாருக்குப் போனது என்பதுதான் பேச்சு என்றால், "இட் வாஸ் ஹார்டி தட் ராமானுஜன் ரோட் டு இன் 1913." எந்த வருஷம் என்பது சந்தேகம் என்றால், "இட் வாஸ் இன் 1913 தட் ராமானுஜன் ரோட் டு ஹார்டி." ராமானுஜன் அப்போது சென்னைத் துறைமுகத்தில் கிளார்க். அவர் அந்தக் கடிதத்தை இங்கிலாந்துக்குப் போன பிறகு எழுதினார் என்று யாராவது சொன்னால் இப்படித் திருத்தலாம்: "இட் வாஸ் ஃப்ரம் மெட்ராஸ் தட் ராமானுஜன் ரோட் டு ஹார்டி."

ஆளுக்கு 'ஹூ'. காலம், இடம், பொருள் எல்லாவற்றுக்கும் 'தட்'. ஆளுக்கும் 'தட்' போடலாம், தப்பில்லை. ஆனால் எழுத்தில் 'ஹூ'தான் நன்றாக நிற்கும். காலத்துக்கு 'வென்', இடத்துக்கு 'வேர்' என்று கை தானாகப் போகும். இந்த அமைப்பில் 'தட்' என்றே பழகிக்கொள்ளுங்கள்.

இந்த வாக்கியம் கேட்பவரிடம் என்ன சொல்கிறது?

இலக்கணப் புத்தகங்கள் அமைப்பைச் சொல்லிவிட்டு இந்த இடத்தில் நிறுத்திவிடும். எனக்கென்னவோ விஷயமே இங்கேதான் தொடங்குகிறது என்று தோன்றும்.

"ரவி ப்ரோக் த விண்டோ" என்றால், ஜன்னல் உடைந்தது என்பதையும் உடைத்தது ரவி என்பதையும் சேர்த்தே ஒரு செய்தியாகச் சொல்கிறோம். "இட் வாஸ் ரவி ஹூ ப்ரோக் த விண்டோ" என்றால், ஜன்னல் உடைந்த கதை நம் இருவருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறோம். ஆள் யார் என்பது மட்டும்தான் புதுச் செய்தி. தமிழிலும் அப்படியே. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் எடுத்த எடுப்பில் "ஜன்னலை உடைச்சது ரவிதான்" என்றால், "எந்த ஜன்னல்? எப்ப உடைஞ்சது?" என்றுதான் கேட்பார்கள்.

மறுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். "இட் வாஸன்ட் ரவி ஹூ ப்ரோக் த விண்டோ." உடைத்தது ரவி இல்லை. ஆனால் ஜன்னல் உடைந்தே கிடக்கிறது, வேறு யாரோ உடைத்திருக்கிறார்கள். "ரவி டிடன்ட் ப்ரேக் த விண்டோ" என்றால் அந்தக் கட்டாயம் இல்லை, ஜன்னல் முழுசாகவே இருக்கலாம்.

கேள்வியாக்கும்போது இது கத்தியாகவும் மாறும். "வாஸ் இட் யூ ஹூ டுக் த மணி?" இதற்கு 'ஆமாம்' என்றாலும் 'இல்லை' என்றாலும், பணம் திருடு போனதை ஒப்புக்கொண்டுதான் பதில் சொல்கிறீர்கள். பணம் பத்திரமாக இருக்கிறது என்பது உங்கள் நிலை என்றால் நேர்ப் பதில் சொல்லாதீர்கள். "நோ ஒன் டுக் எனி மணி" என்று அந்த அடிப்படையையே மறுக்க வேண்டும்.

இன்னொன்றும் இதற்குள் இருக்கிறது. "இட் வாஸ் ரவி ஹூ கேம்" என்றால் வந்தது ரவி, மற்றவர்கள் வரவில்லை என்ற பொருளும் சேர்ந்தே வரும். ரவியோடு மாலாவும் வந்திருந்தால் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிளவே வேண்டாம். 'எல்லாரும்', 'யாருமே இல்லை' போன்ற சொற்களும் இங்கே ஒட்டாது. "இட் வாஸ் நோபடி ஹூ கேம்" என்று யாரும் பேசுவதில்லை, "நோபடி கேம்" போதும்.

பெயரைத் திருத்தும்போது இதற்கு இணை இல்லை

ஒரு செயலோடு தவறான பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பிளவு வாக்கியம் தன் முழு பலத்தையும் காட்டும்.

ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரச் சம்மதிக்கவைத்தது யார் என்று கேட்டால் பலரும் ஹார்டி என்பார்கள். அழைத்தவர் ஹார்டிதான். ஆனால் 1914 தொடக்கத்தில் சென்னைக்கு விரிவுரை தர வந்திருந்த எரிக் நெவில் என்ற கணிதர்தான் நேரில் பேசிச் சம்மதிக்கவைத்தார். அந்த மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார். இதை ஆங்கிலத்தில் எழுதினால்: "இட் வாஸ் நெவில், நாட் ஹார்டி, ஹூ பெர்ஸ்வேடட் ராமானுஜன் டு கம் டு கேம்பிரிட்ஜ்." நடுவில் இருக்கும் 'நாட் ஹார்டி' என்ற துண்டைக் கவனியுங்கள். படிப்பவர் மனசில் இருக்கும் தவறான பெயரை அங்கேயே எடுத்து வைத்துவிட்டு மேலே போகிறோம்.

பெனிசிலின் கதை இரட்டைப் பிளவுக்கு நல்ல உதாரணம். 1928-இல் லண்டனில் அதைக் கண்டவர் ஃப்ளெமிங். அதை மனிதருக்குக் கொடுக்கக்கூடிய மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபர்டில் ஃப்ளோரியும் செயினும் அவர்கள் குழுவும். 1945 நோபல் பரிசை மூவரும் பகிர்ந்துகொண்டார்கள், ஊர் வாயில் நின்றதோ ஒரு பெயர். "இட் வாஸ் ஃப்ளெமிங் ஹூ டிஸ்கவர்ட் பெனிசிலின், பட் இட் வாஸ் ஃப்ளோரி அண்ட் செயின் ஹூ டர்ன்ட் இட் இன்டு அ மெடிசின்." ஒரு 'இட் வாஸ்' முதல்வருக்குரிய மதிப்பைத் தருகிறது, அடுத்த 'இட் வாஸ்' மற்ற இருவருக்கும் உரியதை வாங்கித் தருகிறது. இருவர் பெயர் வந்தும் 'வாஸ்' 'வேர்' ஆகவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலவில் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படம், ஹெல்மெட் கண்ணாடியில் எதிரில் நிற்பவர் பிரதிபலிக்கும் படம், ஆர்ம்ஸ்ட்ராங் என்று நினைப்பவர்கள் நிறைய. 1969 ஜூலையில் அங்கே பெரும்பாலும் கேமராவைக் கையில் வைத்திருந்தவர் ஆர்ம்ஸ்ட்ராங். படத்தில் நிற்பவர் ஆல்ட்ரின். "இட் இஸ் ஆல்ட்ரின் ஹூ இஸ் ஸ்டேண்டிங் இன் த பிக்சர். இட் வாஸ் ஆர்ம்ஸ்ட்ராங் ஹூ டுக் இட்." படத்தில் இன்னும் நிற்கிறார், அதனால் முதல் வாக்கியத்தில் 'இஸ்'. எடுத்தது முடிந்துபோன செயல், அதனால் இரண்டாவதில் 'வாஸ்'. எதைப் போடுவது என்று குழம்பினால், பின்பாதியில் இருக்கும் வினையின் காலத்தையே முன்பாதிக்கும் கொடுங்கள். கெட்டுப்போகாது.

டி.என்.ஏ-வின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவிய 'போட்டோ 51' என்ற எக்ஸ்ரே படமும் இப்படித்தான். விஞ்ஞானி ரோசலிண்ட் ஃப்ராங்க்ளின் பெயரோடு அது சேர்ந்தே பேசப்படுகிறது. அவருடைய ஆய்வில், 1952-இல், அதைப் படம்பிடித்தது அவரிடம் வேலை செய்த மாணவர் ரேமண்ட் காஸ்லிங். "இட் வாஸ் காஸ்லிங் ஹூ டுக் போட்டோ 51." சரியான வாக்கியம்தான். ஆனால் இதை மட்டும் தனியாக எழுதினால் ஃப்ராங்க்ளினிடமிருந்து எதையோ பிடுங்குவது போல் ஒலிக்கும். பிளவு வாக்கியம் ஒருவரை முன்னால் நிறுத்தும்போது இன்னொருவரைப் பின்னால் தள்ளுகிறது. அதனால் இங்கே அடுத்த வாக்கியமும் வேண்டும்: அந்த ஆய்வை நடத்தியது ஃப்ராங்க்ளின் என்று.

நாம் வழக்கமாக இடறும் இடங்கள்

சொல் இரட்டிப்பு முதலாவது. "இட் வாஸ் ரவி ஹூ ஹி சென்ட் இட்" என்று நடுவில் ஒரு 'ஹி' நுழைந்துவிடும். 'ஹூ' வந்த பிறகு 'ஹி'க்கு வேலை இல்லை. இதே போல "இட் வாஸ் டு ஹார்டி தட் ஹி ரோட் டு" என்று முன்னாலும் பின்னாலும் 'டு' போடுவார்கள். ஒன்று போதும். முன்னால் வைத்தால் கொஞ்சம் எழுத்து நடை, பின்னால் வைத்தால் பேச்சு நடை.

'ஹூ'வை விழுங்குவது அடுத்தது. "இட் வாஸ் ரவி சென்ட் இட்" என்பது எழுத்தில் செல்லாது. செய்தவரை அழுத்தும்போது 'ஹூ' (அல்லது 'தட்') கட்டாயம். செய்யப்பட்டவரை அழுத்தும்போதுதான் விடலாம்: "இட் வாஸ் ஹார்டி ஹி ரோட் டு."

பிறகு கமா. "இட் வாஸ் ரவி, ஹூ சென்ட் இட்" என்று கமா போட்டால் வாக்கியம் வேறு ஏதோ சொல்லத் தொடங்கிவிடும். 'ஹூ'வுக்கு முன் கமா வேண்டாம். நெவில் வாக்கியத்தில் கமா வந்ததே என்றால், அது நடுவில் செருகிய 'நாட் ஹார்டி'க்காக வந்தது.

'நான்தான்' என்று சொல்லும்போதுதான் உண்மையான தலைவலி. "இட் இஸ் ஐ ஹூ ஆம் ரெஸ்பான்சிபிள்" என்பது பழைய, விறைப்பான ஆங்கிலம். இலக்கணப்படி சரி, ஆனால் இன்று இப்படிப் பேசினால் சட்டசபைப் பேச்சு மாதிரி இருக்கும். "இட்ஸ் மீ ஹூஸ் ரெஸ்பான்சிபிள்" என்பது பேச்சில் சகஜம், எழுத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் "ஐ ஆம் த ஒன் ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள்" என்று எழுதிவிடுங்கள். எல்லா இடத்திலும் செல்லும்.

அந்த 'த ஒன் ஹூ' வேறோர் இடத்திலும் கைகொடுக்கும். 'உடைத்தவன் ரவி' என்ற தமிழை அப்படியே எடுத்து "ஹூ ப்ரோக் இட் வாஸ் ரவி" என்று ஆரம்பிப்பார்கள். பொருளுக்கு அந்த அமைப்பு உண்டு: "வாட் ரவி ப்ரோக் வாஸ் த விண்டோ." ஆளுக்கு 'ஹூ' என்று தொடங்க முடியாது. "த ஒன் ஹூ ப்ரோக் இட் வாஸ் ரவி" என்று தொடங்க வேண்டும்.

ஊகமாகச் சொல்வதற்கும் இந்த அமைப்பு வளைந்துகொடுக்கும். "இதைச் செய்தது ரவியாகத்தான் இருக்கும்" என்பதற்கு "இட் மஸ்ட் ஹேவ் பீன் ரவி ஹூ டிட் திஸ்." 'ரவியாக இருக்கலாம்' என்றால் 'மஸ்ட்' இடத்தில் 'மைட்'. 'யார்தான் இதை எழுதினது?' என்று எரிச்சலோடு கேட்க, "ஹூ வாஸ் இட் தட் ரோட் திஸ்?" இங்கே மட்டும் 'ஹூ' இரண்டு தடவை வராமல் 'தட்' வந்துவிடுகிறது.

எல்லாத் 'தான்'-உம் ஒன்றில்லை

இந்த அமைப்பைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் 'தான்' வந்த இடமெல்லாம் 'இட் வாஸ்' போட்டால் ஆங்கிலம் மூச்சுத் திணறும். நம் 'தான்' பல வேலை செய்கிறது. பக்கத்திலேயே 'ஏ', 'மட்டும்', 'உம்' என்று சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள்.

'ரவி மட்டும் வந்தார்' என்றால்தான் 'ஒன்லி': "ஒன்லி ரவி கேம்." அந்த 'ஒன்லி' பெயருக்கு முன்னால் வர வேண்டும் என்பதைப் பாருங்கள், தமிழ் மாதிரி பின்னால் அல்ல. 'நேற்றுதான் வந்தேன்' என்பதற்கும் 'ஒன்லி' சரியே, "ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே." இதில் 'இவ்வளவு சமீபத்தில்' என்ற பொருள். 'இப்பதான் சாப்பிட்டேன்' என்றால் 'ஜஸ்ட்'. ஆள்மேல் வரும் 'தான்', 'வேறு யாருமில்லை, இவர்' என்று விரல் நீட்டும் 'தான்', அதற்குத்தான் பிளவு.

'ரவியே வந்தார்' என்பது இன்னொன்று. ஆள் அனுப்பாமல் அவரே நேரில் வந்தார் என்ற பொருளில் "ரவி ஹிம்செல்ஃப் கேம்." பழைய தமிழில் 'அவனே கொண்டான்' என்றால் பலரிலிருந்து ஒருவனைப் பிரித்துக் காட்டுவது. நன்னூல் ஏகாரத்துக்குச் சொல்லும் ஆறு பொருளில் பிரிநிலையும் ஒன்று. இன்றைய பேச்சில் அந்த வேலையைப் பெரும்பாலும் 'தான்' எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே பழைய நடையில் எழுதியதை மொழிபெயர்க்கும்போது 'ஏ' எது என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

வினைமேல் வரும் 'தான்' ரொம்ப அழகு. 'அனுப்பத்தான் செய்தேன், உங்களுக்கு வரவில்லை.' இங்கே ஆள்மேல் சந்தேகம் இல்லை, அனுப்பினேனா இல்லையா என்பதுதான் சண்டை. ஆங்கிலமும் நம்மைப் போலவே 'செய்' என்ற வினையைத் துணைக்குக் கூப்பிடுகிறது: "ஐ டிட் சென்ட் இட்." அந்த 'டிட்'டை அழுத்திச் சொல்ல வேண்டும். 'களைப்பாகத்தான் இருக்கிறேன்' என்பது போல ஒரு பண்பைப் பிளவு வாக்கியத்தில் முன்னால் தூக்குவதற்குப் பொது ஆங்கிலத்தில் இடமில்லை. அயர்லாந்துக்காரர்கள் மட்டும் "இட்ஸ் டயர்ட் ஐ ஆம்" என்பார்கள். அவர்களுடைய ஐரிஷ் மொழியின் அமைப்பு ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்த கதை அது. நம் 'ஒன்லி'க்கு ஒரு சித்தப்பா முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுப்பில் எச்சரிக்கையாக இருங்கள். 'பணம் கட்டியது ரவி இல்லை' என்பது "இட் வாஸன்ட் ரவி ஹூ பெய்ட்." 'பணம் கட்டாதது ரவிதான்' என்பது "இட் வாஸ் ரவி ஹூ டிடன்ட் பே." முதல் வாக்கியத்தில் வேறு யாரோ கட்டிவிட்டார். இரண்டாவதில் மற்றவர்கள் கட்டிவிட்டார்கள், பாக்கி ரவியிடம். 'நாட்' எந்தப் பாதியில் விழுகிறது என்பதில் ரவியின் மானமே இருக்கிறது.

மெயிலில் எழுதுவதற்கு முன்

"இட் வாஸ் யூ ஹூ சென்ட் த ராங் ஃபைல்." இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேலதிகாரிக்கோ கஸ்டமருக்கோ இதை அனுப்பினால் சண்டைக்குக் கூப்பிட்டது போல் ஆகும். பிளவு வாக்கியம் தப்புக்குப் பொறுப்பாக ஒரு ஆளைத் தனியாக எழுப்பி நிற்க வைக்கிறது. குறை சொல்லும் இடத்தில் ஆளை மறைக்கும் வாக்கியமே நல்லது: "த ராங் ஃபைல் வாஸ் சென்ட்" அல்லது "வி சீம் டு ஹேவ் ரிசீவ்ட் த ராங் ஃபைல்."

பாராட்டும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரு ஜூனியர் செய்த வேலைக்கு மீட்டிங்கில் உங்களுக்குக் கைதட்டல் கிடைத்தால், "ஆக்சுவலி, இட் வாஸ் மாலா ஹூ ஃபவுண்ட் த ப்ராப்ளம்" என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள். 'மாலா ஃபவுண்ட் த ப்ராப்ளம்' என்பதைவிட இது பல மடங்கு எடுபடும், ஏனென்றால் அந்த அறையில் இருந்தவர்கள் மனசிலிருந்த பெயரை மாற்றிவிட்டீர்கள்.

பாராட்டானாலும் ஒரு பத்தியில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாரையும் முன்வரிசையில் உட்காரவைத்தால் முன்வரிசை என்று ஒன்று இருக்காது.

வாய்ப்பேச்சில் இது பாதி நேரம் தேவையே இல்லை

ஆங்கிலம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குரலாலேயே காரியத்தை முடித்துவிடுவார்கள். "ரவி சென்ட் இட்" என்பதில் 'ரவி' மேல் மட்டும் குரலை ஏற்றினால் 'ரவிதான்' வந்துவிட்டது. எழுத்தில் குரல் கிடையாது, அதனால்தான் எழுத்துக்கு இந்த அமைப்பு இவ்வளவு பயன்படுகிறது. நம்மில் பலர் ஆங்கிலம் பேசும்போது எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் சொல்வதால் அந்த அழுத்தம் எதிராளிக்கு எட்டாமல் போகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு, தொடக்கத்தில், பேச்சிலும் பிளவு வாக்கியம் பாதுகாப்பு.

ஒன்றே ஒன்று: 'யார் அனுப்பியது?' என்று நேராகக் கேட்டால் முழுப் பிளவு வாக்கியத்தையும் ஒப்பிக்க வேண்டாம். "ரவி டிட்" போதும். யாரோ 'மாலா அனுப்பினாள்' என்று தவறாகச் சொல்லி, அதைத் திருத்தும்போது "நோ, இட் வாஸ் ரவி" என்றால் போதும். 'ஹூ'வுக்குப் பின்னால் வருவது இருவருக்கும் தெரிந்ததுதான் என்பதால் அதை விழுங்கிவிடலாம்.

பழகிப் பார்க்க

கீழே இருப்பவற்றை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். சிலவற்றில் வேண்டுமென்றே பொறி வைத்திருக்கிறேன்.

கதவைப் பூட்டாமல் விட்டது நான் இல்லை.
எங்கள் டீச்சர்கள்தான் பணம் கட்டினார்கள்.
இதைச் சொன்னது அம்மாவாகத்தான் இருக்கும்.
மேனேஜரே வந்து பார்த்தார்.
நேற்றுதான் சம்பளம் வந்தது.
அவரும்தான் கையெழுத்துப் போட்டார்.

முதலாவது, "இட் வாஸன்ட் மீ ஹூ லெஃப்ட் த டோர் அன்லாக்ட்." இதில் 'மீ' பேச்சுக்குச் சரி. எழுத்தில் வேண்டுமென்றால் "ஐ வாஸ் நாட் த ஒன் ஹூ" என்று தொடங்குங்கள். இரண்டாவது, "இட் வாஸ் அவர் டீச்சர்ஸ் ஹூ பெய்ட்." பன்மைதான், ஆனாலும் 'வாஸ்'. மூன்றாவது, "இட் மஸ்ட் ஹேவ் பீன் மை மதர் ஹூ செட் திஸ்." நான்காவதில் பிளவு இல்லை, "த மேனேஜர் ஹிம்செல்ஃப் கேம் அண்ட் சா இட்." மேனேஜர் பெண் என்றால் 'ஹெர்செல்ஃப்'. ஐந்தாவதிலும் இல்லை, "த சாலரி கேம் ஒன்லி எஸ்டர்டே."

கடைசியில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 'தான்' கண்ணுக்குத் தெரிகிறது, கை 'இட் வாஸ்' என்று எழுதப் போகிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு 'உம்' இருக்கிறது. மற்றவர்களோடு அவரும் போட்டார் என்பதுதான் செய்தி. ஒருவரைத் தனியாகப் பிரித்துக் காட்டும் வாக்கியத்துக்குள் கூட்டத்தோடு சேர்க்கும் 'உம்' நுழையாது. "ஹி சைன்ட் இட் டூ" என்று சொல்லுங்கள், 'ஹி' மேல் கொஞ்சம் குரலை ஏற்றி.